பிறர் துயரைத் தாங்கும் பழக்கம்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில், சில தாய்மார்கள் தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் வருவார்கள். "நல்லாத்தான் படிக்கிறான். ஆனா, கூட விளையாடுற பையன் விழுந்து அடிபட்டா இவன் சிரிக்கிறான். பாட்டி உடம்பு முடியாமப் படுத்திருந்தா அந்த ரூம் பக்கமே போக மாட்டேங்கிறான். இவனுக்கு இரக்கமே வராதா?" என்று கேட்பார்கள். மதிப்பெண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் "வயசானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வயது கூடினால் மட்டும் அது வந்துவிடுவதில்லை. இன்று அந்தத் தாய்மார்களின் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல முயல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரக்கம் இல்லாதவர்கள் என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளைகளில் பலருக்கு உணர்ச்சி இருக்கிறது. அடுத்தவர் துயரம் அவர்களையும் தொடுகிறது. தொட்டதைத் தாங்கத் தெரியாமல்தான் சிரிக்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அறைப்பக்கம் போகாமல் இருக்கிறார்கள். உணர்வது பிறப்போடு வருகிறது. தாங்குவது பழக்கத்தால் வருகிறது. அந்தப் பழக்கத்தை நம்மைத் தாங்கிய மனிதர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறோம்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எதிரே இருப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு திறமை. நல்ல மருத்துவரிடம் அது உண்டு. நம்மிடம் பணத்தைப் பறிக்கும் மோசடிக்காரரிடமும் உண்டு. எதிரே இருப்பவரின் துன்பம் நம் நெஞ்சிலும் வந்து கனப்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் ஒத்துணர்வு என்று இங்கே சொல்கிறேன்.

அது வெறும் பேச்சு அல்ல, உடம்பில் நடக்கும் நிகழ்ச்சி. 2004ஆம் ஆண்டு தானியா சிங்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லண்டனில் செய்த ஆய்வு ஒன்றின் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் 16 இணையர் கலந்துகொண்டார்கள். பெண், மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பார். அவருடைய துணைவர் பக்கத்திலேயே இருப்பார். சில நேரம் பெண்ணின் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி தருவார்கள், சில நேரம் ஆணின் கையில். யாருக்கு என்பதை ஒரு குறி முன்கூட்டியே காட்டிவிடும். துணைவருக்கு வலிக்கப் போகிறது என்று தெரிந்த நேரத்தில், பெண்ணுக்கே வலித்தபோது இயங்கிய மூளைப் பகுதிகளில் சில மறுபடி இயங்கின. வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகள் அவை. உடம்பில் எந்த இடம், எத்தனை கூர்மை என்று பதிவுசெய்யும் பகுதி மட்டும் இயங்கவில்லை. அடுத்தவர் கையின் வலி நம் கைக்கு வருவதில்லை. அவருடைய வேதனை நமக்கு வருகிறது.

இது எந்த வயதில் தொடங்குகிறது? பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியரைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரு குழந்தை வீறிட்டால் அடுத்த தொட்டிலும் அழும். 1971இல் மார்வின் சிம்னர் என்ற ஆய்வாளர், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடம் இதைச் சோதித்தார். அதே அளவு சத்தம் கொண்ட செயற்கை ஒலியைக் கேட்டபோது அழுததைவிட, இன்னொரு பச்சிளம் குழந்தையின் அழுகையைக் கேட்டபோது அதிகம் அழுதார்கள். 1982இல் மார்ட்டின், கிளார்க் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குழந்தையின் சொந்த அழுகையைப் பதிவுசெய்து அதற்கே போட்டுக் காட்டினார்கள். தன் அழுகைக்கு அது அவ்வளவாக அசையவில்லை. மற்றொரு குழந்தையின் அழுகைக்குத்தான் அழுதது. கண் கூடச் சரியாகத் தெளியாத வயதில், தன் குரல் எது, பிறர் குரல் எது என்று வேறுபடுத்தும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

ஆனால், சேர்ந்து அழும் குழந்தையால் யாருக்கும் ஆறுதல் சொல்ல முடியாது. அங்கிருந்து ஆறுதல் வரை ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். ஒரு வயது தாண்டிய குழந்தை, நண்பன் அழுவதைப் பார்த்துத் தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவரும். நண்பனின் அம்மா அங்கேயே நின்றாலும் தன் அம்மாவைத்தான் இழுத்துவரும். தன்னை எது ஆற்றுமோ அதுதான் எல்லோரையும் ஆற்றும் என்பது அதன் நம்பிக்கை. இன்னும் சில மாதங்களில் அடுத்த படி வருகிறது. ஹாஃப்மன் விவரித்த ஒரு நிகழ்ச்சியில், பொம்மைக்காகச் சண்டை போட்ட சிறுவன், மற்றவன் அழத் தொடங்கியதும் தன் கரடிப் பொம்மையை நீட்டுகிறான். அழுகை நிற்கவில்லை. கொஞ்சம் யோசிக்கிறான். பக்கத்து அறைக்கு ஓடி, அழுகிறவன் எப்போதும் கட்டிக்கொண்டு தூங்கும் துணியை எடுத்துவந்து கொடுக்கிறான். உனக்கு வேண்டியது வேறு, எனக்கு வேண்டியது வேறு என்று அந்தச் சிறுவனுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் புரிதல் வராமலே நரைத்துப்போன மனிதர்களையும் நாம் அறிவோம்.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்சி ஐசன்பர்க் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. துன்பப்படும் ஒருவரைப் பார்க்கும்போது எல்லோருக்கும் ஏதோ ஒன்று உள்ளே அசைகிறது. சிலருக்கு அந்த அசைவு "ஐயோ, என்னால் இதைப் பார்க்க முடியவில்லை" என்ற பதற்றமாகிறது. சிலருக்கு அது "இவருக்கு என்ன வேண்டும்?" என்ற கவனமாகிறது. பதறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. கவனம் எதிரே இருப்பவர்மேல் போகும்போது துடிப்பு சற்று நிதானமாகிறது. அந்த நிதானம் வந்த பிள்ளைகளே உதவ முன்வருகிறார்கள். பதற்றத்தில் மூழ்கிய பிள்ளைகள், வழி இருந்தால் விலகிப் போய்விடுகிறார்கள். தன் உணர்ச்சியைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரிந்த பிள்ளையிடம் பிறர்மேல் பரிவு அதிகம் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின.

பாட்டியின் அறைக்குப் போகாத பையனை இப்போது நினைத்துப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது "உனக்கு மனசே இல்லையா?" என்ற ஏச்சு அல்ல. அந்த அறையில் பத்து நிமிடம் அவனோடு உட்கார ஒரு பெரியவர் வேண்டும். "பாட்டி மூச்சு விடுறது பயமா இருக்கா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கையைப் பிடிச்சுக்கலாம் வா" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும்.

தாங்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர் 1970களில் செய்த சோதனை நல்ல விளக்கம். சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, ஆய்வாளர் சொன்னபடி, முகத்தைச் சலனமே இல்லாமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. குரல் கொடுக்கிறது. தாய் முகம் அசையவில்லை. ஓரிரு நிமிடத்துக்குள் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகிறது. அம்மா மறுபடி சிரித்ததும் மெல்லத் திரும்பி வருகிறது. நம் உணர்ச்சிக்கு ஒரு முகம் பதில் சொல்ல வேண்டும் என்ற தேவை பசியைப் போலவே ஆதியில் இருந்து வருவது என்று இதைப் பார்த்தவர்கள் உணர்வார்கள். டிரானிக் இன்னொன்றும் சொன்னார்: நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையேகூடப் பெரும்பாலான நேரம் மனநிலை ஒத்துப்போவதில்லை. தவறிப்போவதும், மறுபடி வந்து சேர்வதும் மாறி மாறி நடக்கின்றன. மறுபடி வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கையே குழந்தையை வளர்க்கிறது. எப்போதும் பொறுமையாக இருக்க முடியவில்லையே என்று வருந்தும் தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். குழந்தை தடுக்கி விழுந்து முட்டி சிராய்த்து அழுகிறது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்கிறோம். முட்டியில் ரத்தம் கசிகிறது. அந்தக் குழந்தை தன் வலியை நம்புமா, நம் சொல்லை நம்புமா? சில வீடுகளில் தரையை ஓங்கி அடித்து, "என் தங்கத்தைத் தள்ளிவிட்டியா? இந்தா வாங்கிக்கோ!" என்பார்கள். அன்பால் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால், எனக்கு வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்ற பாடமும் அன்போடு சேர்ந்தே உள்ளே போகிறது. பையனாக இருந்தால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்ற கேள்வியும் சேரும். தன் அழுகையை அடக்கக் கற்ற பையன், பிறகு மனைவியின் அழுகையையும் மகளின் அழுகையையும் கேட்டால் எரிச்சல்படுகிறான். தனக்கு மறுக்கப்பட்டதை அவனால் யாருக்கும் கொடுக்க முடிவதில்லை.

வேறு எப்படிச் சொல்வது? "வலிக்குதா? ஆமா, தோல் உரிஞ்சிருக்கு. எரியத்தான் செய்யும். வா, கழுவி மருந்து போடலாம். கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும்." இந்தச் சில வார்த்தைகளில் வலிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அதை ஒருவர் நம்புகிறார், செய்ய வேண்டிய வேலை ஒன்று வருகிறது, வலிக்கு ஒரு முடிவு உண்டு என்பதும் தெரிகிறது. நாளை தோழி விழுந்தால் அந்தப் பிள்ளையின் வாயில் இதே வார்த்தைகள் வரும்.

பிள்ளை துன்பப்படும்போது தாங்குவது ஒரு பாதி. பிள்ளையே பிறருக்குத் துன்பம் செய்யும்போது விளக்குவது மறு பாதி. கரோலின் ஸான்-வாக்ஸ்லர், மரியன் ராட்கே-யாரோ முதலியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், சின்னஞ்சிறு பிள்ளைகளின் தாய்மார்களே வீட்டில் நடப்பதைப் பதிவுசெய்து கொடுத்தார்கள். பிள்ளை யாரையாவது கடித்தாலோ தள்ளினாலோ, "பார், அவளுக்கு எப்படி வலிக்குது! நீ தள்ளினதாலதான் அழறா" என்று உள்ளத்தில் தைக்கும்படி எடுத்துச் சொன்ன தாய்மார்களின் பிள்ளைகள், செய்த தவறைச் சரிசெய்ய அதிகம் முன்வந்தார்கள். காரணம் சொல்லாமல் தடுப்பதற்கு அந்தப் பலன் இல்லை.

இதே உண்மை, மனித வரலாற்றின் மிகக் கொடிய காலம் ஒன்றிலிருந்தும் கிடைத்திருக்கிறது. சாமுவேல் ஒலைனர் போலந்து நாட்டு யூதச் சிறுவர். 1942இல் அவருடைய குடும்பத்தை நாஜிகள் கொன்றார்கள். ஒரு போலந்துக் கிராமத்துப் பெண் உதவியதால் அவர் உயிர் பிழைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியராகி, மனைவி பேர்ல் ஒலைனருடன் சேர்ந்து, தங்கள் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானவர்களையும், அதே ஊர்களில் சும்மா இருந்தவர்களையும் கண்டு பேசினார். 1988இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. காப்பாற்றியவர்களின் இளமையில் அடி குறைவாகவும் விளக்கம் அதிகமாகவும் இருந்தது. அவர்களுடைய பெற்றோர் பரிவைப் பற்றிப் பேசினார்கள், பரிவோடு நடந்தும் காட்டினார்கள். தன் உயிருக்குக் காரணமான அந்தப் பெண்ணின் மனம் எப்படி உருவானது என்று தேடிய மனிதருக்குக் கிடைத்த விடை, சாதாரண வீடுகளின் சாதாரணப் பேச்சில் இருந்தது.

வீட்டில் இது கிடைக்காத பிள்ளைக்கு என்ன வழி? இங்கேதான் பள்ளி வருகிறது. கனடாவின் டொரண்டோ நகரில் 1996இல் மேரி கார்டன் என்ற கல்வியாளர் 'ரூட்ஸ் ஆஃப் எம்பதி' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அந்த வட்டாரத்தில் வாழும் ஒரு தாயோ தந்தையோ தம் கைக்குழந்தையை மாதம் ஒருமுறை வகுப்பறைக்குக் கொண்டுவருவார்கள். பச்சைப் போர்வை ஒன்றை விரித்து அதில் குழந்தையைக் கிடத்துவார்கள். மாணவர்கள் சுற்றி உட்காருவார்கள். குழந்தை ஏன் அழுகிறது, பசியா, தூக்கமா, பயமா என்று அவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். புரள முயன்று முடியாமல் சிணுங்கினால், அந்த ஏமாற்றத்துக்குப் பெயர் தேட வேண்டும். பிறகு பயிற்றுநர் கேட்பார்: உங்களுக்கு இப்படி எப்போது இருந்தது? பேச முடியாத குழந்தையின் உணர்ச்சியைப் படிக்கும் வழியாக, பேசத் தயங்கும் மாணவர்கள் தம் உணர்ச்சியைப் பேசக் கற்கிறார்கள். இந்த வகுப்புகளில் சீண்டலும் அடிதடியும் குறைந்ததை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

மேரி கார்டன் தன் நூலில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். மிகச் சிறிய வயதில் தாயைக் கொலையில் இழந்து, வளர்ப்பு வீடுகளுக்கிடையே மாறி மாறி வளர்ந்தவன். எல்லோரும் பயப்படும் முரட்டுத் தோற்றம். ஒருநாள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். குழந்தையின் தாய்க்குத் தயக்கம்தான், ஆனாலும் கொடுத்தாள். அவன் அதை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய் மெல்ல ஆட்டினான். குழந்தை அவன் மார்பில் ஒண்டிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும்போது, தன்னை யாருமே நேசித்திராத ஒருவன் நல்ல தகப்பனாக முடியுமா என்று கேட்டான். முடியும் என்பதற்கு அவன் மார்பில் ஒண்டிய குழந்தையே சான்று. ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தை ஒரு பள்ளி அவனுக்கு ஏற்படுத்தித் தர வேண்டியிருந்தது.

இனி, பேசக் கசப்பானதையும் பேச வேண்டும். ஒத்துணர்வு எல்லோர்மேலும் ஒரேமாதிரி பாய்வதில்லை. நம்மவர் என்று கருதும் கூட்டத்தின் எல்லையில் அது தேங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். காரணம் சாதி. வெட்டியவர்களும் தொட்டிலில் கிடந்தபோது இன்னொரு குழந்தையின் அழுகை கேட்டு அழுத குழந்தைகள்தாம். இடைப்பட்ட ஆண்டுகளில், யார் அழுதால் கேட்க வேண்டும், யார் அழுதால் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் நிறக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அறுப்பது அவசியம். அதோடு வேலை முடியவில்லை.

கிரிட் ஹைன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு வழி காட்டுகிறது. வலி தரும் சோதனையில் இருந்த ஒருவரை, வேற்றுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தன் பணத்தை விட்டுக்கொடுத்து வலியிலிருந்து காப்பாற்றுவதாக அமைத்தார்கள். இப்படிச் சில முறை உதவி பெற்ற பிறகு, அந்த வேற்றுக் குழுவைச் சேர்ந்த வேறு மனிதர்களின் வலிக்கும் அவருடைய மூளை முன்பைவிட அதிகமாக அசைந்தது. உதவி செய்தவர் ஒருவர். பரிவு பரவியதோ அவருடைய கூட்டத்தார்மேல். 'ஒற்றுமையாக இருங்கள்' என்ற அறிவுரையைவிட, ஒருவர் கையால் மற்றவர் உதவி பெறும் வாய்ப்பு வலிமையானது. வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், சோதனைக்கூடத்தில் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள், காய்ச்சலில் வராத பிள்ளைக்கு யார் நோட்டு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் ஆசிரியர்கள் முடிவு செய்யக்கூடியவை.

பெரியவர்களான நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்த ஒத்துணர்வும் வற்றும். 1973இல் டார்லி, பேட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வழியில் ஒரு மனிதர் குனிந்து முனகிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே நின்றார்கள். அவர்களில் சிலர், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகமதுரெசா ஹோஜத் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் அவர்களுடைய ஒத்துணர்வு சரிகிறது என்று காட்டியது. வேலைப்பளுவும் தாங்க ஆளில்லாத துயரமும் சேர்ந்தால் நல்ல மனமும் தன்னை மூடிக்கொள்ளும். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் இதுவே நேரும்.

துயரம் இப்படித் தனியாளை மூடிவிடாமல் இருக்க நம் முன்னோர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது. தெற்கே துட்டி என்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுபோவார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அழுவார்கள். அழ முடியாதவர்கள் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். துயரத்தைத் தனியே சுமக்க விடக் கூடாது என்ற அறிவு அந்த வழக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் கூடவே போய், பார்த்துக் கற்றார்கள். இன்று "பரீட்சை இருக்கு, பயந்துடுவான்" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அழைத்துப் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போங்கள். திரும்பி வரும்போது என்ன பார்த்தாய், எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "போய் முகம் கழுவிட்டு வா" என்று சொல்வதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். சண்டை போட்டவர்களை "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதோடு நிறுத்தாமல், அடிபட்டவனுக்கு எப்படி இருந்தது என்பதை அடித்தவன் கேட்கும்படி செய்யுங்கள். ஒருவர் களைத்தால் மற்றவர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நீங்களும் ஒருவரையொருவர் தாங்குங்கள். பெற்றோரே, பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள். பள்ளி நிர்வாகத்தாரே, இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் அந்த நேரத்தைப் பறிக்காதீர்கள். தேர்வில் தோற்ற பிள்ளை மறுபடி எழுதித் தேறிவிடும். துயரத்தில் யாருமே தாங்காத பிள்ளையின் இழப்பை அவனும் அவனைச் சுற்றி வாழப் போகிறவர்களும் ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள்.